பதினேழாவது வரி

ஈக்காட்டுத்தாங்கலில் டயர் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
ஏசி ஓடும் ஒரே அறை சர்வருக்குத்தான்;
மதியம் டிபன் பாக்ஸோடு நாங்களும் அங்கே ஒதுங்குவோம்.
தண்ணி லாரி முன்பதிவுக்கு நிரல் எழுதும் கம்பெனி.
எங்கள் குழாயில் வாரம் மூன்று நாள் காற்று.

உள்ளே வருகிற எல்லோருக்கும் ஒரே பெயர்: கிட்.
யார் எந்த கிட் என்று தெரிந்தது
ஒரே ஒரு கோப்புக்கு.
ஆளுக்கு ஒரு வரி, முப்பத்தொரு வரி.
எல்லாமே ஏ ஏ ஏ ஏ என்று தொடங்கும்,
எதிர் பிளாட்பாரத்தில் போகிறவரைக்
கூப்பிடுகிற மாதிரி.
பிறகு யாருக்கும் படிக்க வராத எழுத்துக் குவியல்.
வால் நுனியில் மட்டும் ஒரு பெயர்:
நீலாவதி, வீட்டு லேப்டாப்.
கோதண்டம், ஆபீஸ்.
கோதண்டம், ஆபீஸ், புதுசு.
கோதண்டம், இதுதான் சரி.

திங்கட்கிழமை சேர்ந்த நஸ்ரின்
வாட்ஸப்பில் சாவி அனுப்பினாள்.
பார்த்த வேகத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
"அம்மா தாயே, இது உன் சாவி.
நான் கேட்டது பூட்டு."
"ரெண்டுக்கும் சாவின்னுதானே மேடம் பேரு?"
ஆமாம். பேர் வைத்தவன்
வாடகை வீட்டில் இருந்ததில்லை போல.
பூட்டை நீ பாரிமுனை சிக்னலில் தொங்கவிடு,
யார் பார்த்தால் என்ன.
சாவியை யாரிடமும் தராதே,
முக்கியமாக என்னிடம்.
அழித்துவிட்டு வேறு ஜோடி செய்தாள்.
அவள் கடவுச்சொல் தட்டும்போது
ஏடிஎம் வரிசையில் நிற்பவளாய்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினேழாவது வரிக்குப் பெயர் இல்லை.
பதிவேட்டைப் புரட்டினால்
தினமும் இரவு இரண்டு பத்துக்கு வருகிறது,
இருப்பதை எடுத்துக்கொள்கிறது, போய்விடுகிறது.
எதையும் வைத்ததில்லை. எதையும் கலைத்ததில்லை.
பால் பாக்கெட் போடுகிறவர்கூட ஒரு நாள் தவறுவார்.
யாருடையது இது, குழுவில் கேட்டேன்.
இரண்டு கட்டைவிரல், ஒரு கும்பிடு.
வியாழன் மாலை
வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டேன்.
அழிக்க மனம் வரவில்லை,
வாயை மட்டும் பொத்தினேன்.

வெள்ளி காலை ஆறே முக்கால்.
கொளத்தூர் டிப்போவிலிருந்து கத்துகிறார்கள்:
"நேத்து லிஸ்ட்டே வந்திருக்கு மேடம்,
பத்து லாரி ரொம்பி நிக்குது,
யாருக்கு ஊத்துறது?"

போய்ப் பார்த்தேன்.
மேசைக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்
ஒரு பழைய கம்ப்யூட்டர்.
அதன் மேல் யாருடைய ஹெல்மெட்டோ.
ஜெபராஜ் வைத்துவிட்டுப் போனது.
இரண்டு வருடம் முன்னால்
சம்பள பாக்கி வாங்காமலே நின்றுபோன ஜெபராஜ்
தன் சொந்தச் சாவியை அதற்குள் போட்டு,
கடவுச்சொல்லும் வைக்காமல்,
ராத்திரி நீ போய் வாங்கிட்டு வா
என்று பழக்கியிருக்கிறான்.

எண் மாறவில்லை. பின்னால் மெட்ரோ அறிவிப்பு,
இதே ஊரில்தான் இருக்கிறான்.
"அது இன்னுமா ஓடுது?"
சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.
"அப்ப இத்தன நாளும்
நான் நெனச்சிருந்தா உள்ள வந்திருக்கலாமா?"
வந்திருக்கலாம்.
எழுநூற்றுச் சொச்சம் இரவு
கதவு அவனுக்காகச் சாத்தாமலே கிடந்தது.
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அடுத்த ஸ்டேஷன் வரும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
"உனக்கு எவ்வளவு வரணும்?" என்றேன்.
அது என் வேலை இல்லை. கேட்டேன்.
தொகையைச் சொன்னான், பைசாவோடு.

டிப்போ மெஷினுக்குத் தனிச் சாவி செய்தேன்,
படிக்க மட்டும் உரிமை.
பெயரும் எழுதினேன்:
கொளத்தூர், மேசைக்கு அடியில்.
லாரிகள் கிளம்பின.
பிறகு பதினேழாவது வரிக்குப் போய்
டி எழுத்தை இரண்டு முறை தட்டினேன்.
கீழே நின்றவர்கள் எல்லாம்
ஒரு படி மேலே நகர்ந்தார்கள்.
பதினேழில் இப்போது நீலாவதி, வீட்டு லேப்டாப்.
அவளிடம் சொல்லவில்லை.